மூணு மணி மூச்சு

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த போன் வந்தபோது, எக்ஸ்ரே அறையில் ஒரு கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் பதினாறு டாக்டர்கள். கம்ப்யூட்டர்களுக்கு அவள் ஒருத்திதான். எதிர்முனையில் இன்டர்நெட் கம்பெனிக்காரி, எழுதி வைத்ததை ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்:

"மேடம், உங்க பேர்ல இருக்கற வீட்டு கனெக்‌ஷன்ல ஒரு கம்ப்யூட்டர் வெளியாள் கைக்குப் போயிடுச்சு. அங்கேருந்து மத்தவங்க கம்ப்யூட்டரையெல்லாம் ராத்திரி பகலா தட்டிட்டே இருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அதைச் சுத்தம் பண்ணலைன்னா லைனைக் கட் பண்ணிடுவோம்."

"எந்த வீடு?" என்று கேட்டாள். கேட்கவே வேண்டியதில்லை. அவள் பேரில் இருந்தது அம்மா வீட்டு கனெக்‌ஷன். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். தம்பியுடையது.

தம்பி செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போன இடத்தில் லிஃப்டுக்குள் மயங்கி விழுந்தான். கதவு திறந்தபோது உயிர் இல்லை. முப்பத்து நாலு வயசு. காலையில் அவன் போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் மட்டும் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதை நிறுத்தாததற்குக் காரணம் உண்டு. வீட்டில் அவனுக்குப் பெயரே பூட்டு. சின்ன வயசில் பென்சில் டப்பாவுக்குக்கூடப் பூட்டுப் போடுகிறவன். கம்ப்யூட்டரை விடுவானா? உள்ளே இருக்கிற அத்தனையையும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டில் பூட்டி வைத்திருந்தான். ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் பூட்டு திறந்திருக்கும். ஒரு தடவை அணைத்துவிட்டால் மறுபடி அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும். அது அவனோடு போய்விட்டது. "அணைச்சா அது வெறும் கல்லும்மா" என்று அம்மாவிடம் விளக்கிச் சொன்னவளும் அவள்தான். கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க ஒரு யு.பி.எஸ். பெட்டியையும் மறுநாளே வாங்கி வந்து மாட்டினாள். அதற்கப்புறம் அம்மா யாரையும் அந்தக் கீபோர்டைத் தொட விட்டதில்லை. அவளும் தொடவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

தம்பியின் கம்ப்யூட்டரை ஓட்டியது எல்லாரும் போடுகிற விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். அதைப் பற்றி ஆரம்பித்தால் அவன் வாயை மூட முடியாது. "எழுதின ப்ரோக்ராமை எல்லாரும் பாக்கற மாதிரி திறந்து வெச்சிருக்காங்கக்கா. ஆயிரம் கண்ணு பாக்குது. கண்ட இடத்துலேருந்து எதையும் எடுத்துப் போட மாட்டோம். உள்ள வந்தாலும் அனுமதி இல்லாம ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. இதுக்கு எதுக்கு ஆன்ட்டிவைரஸ்?" என்பான். அவள் விட மாட்டாள். "வீடு எவ்வளவு கெட்டியா கட்டினா என்ன, சாவியை மிதியடிக்கு அடியில வைக்கற ஆளு ஒருத்தர் எல்லா வீட்லயும் இருக்காங்கடா." அதற்கு அவன், "இருக்காங்க. நம்ம வீட்ல அது நீதான்" என்பான். இப்படியே சாப்பாட்டு மேஜையில் அரை மணி நேரம் ஓடும். அம்மா நடுவில் வந்து தட்டைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது விளையாட்டாக முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பாதி கம்ப்யூட்டர்களை வைரஸ் சுருட்டிக்கொண்டு போனது. மூன்று நாள் தூக்கமில்லாமல் வேலை பார்த்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அவன் கண்ணடித்தான். "எங்க லினக்ஸ் பக்கம் வந்திருந்தா நிம்மதியா தூங்கியிருப்ப." அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஒருநாள் உன் மெஷின்லயும் வரும்டா. அன்னைக்கு வந்து வாய்விட்டுச் சிரிப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டாள். அப்புறம் பேசிக்கொள்ளாமல் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் உயிரே அதுதான். அதை விட்டுவிட்டு வேறு என்னத்தைப் பேசுவது? பேச்சு தானாகக் குறைந்தது.

போனை வைத்த நிமிஷத்தில், "நான் சொன்னேன்ல" என்று அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது. செத்த தம்பியை ஜெயித்த சந்தோஷம். அடுத்த நிமிஷமே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

அம்மா தையல்காரி. நாற்பது வருஷமாக முன்னறையில் அதே மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெடலை நிறுத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, தம்பியின் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தினமும் அப்படித்தான். மகளும் பின்னாலேயே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியில் அந்தக் கறுப்புப் பெட்டி. துளி தூசி இல்லை. பின்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பு அவளுக்குத்தான் புரிந்தது. யாரோ உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.

சரியாக மூன்று மணி. பெட்டிக்குள் ஏதோ அசைந்தது. ஃபேன் மெல்ல வேகமெடுத்தது. ஏறி ஏறி, இழுத்து இழுத்து, பெரிய மூச்சாக வந்தது. நடுநடுவே டிஸ்க் கரகரவென்று உறுமியது. அம்மா முன்னால் குனிந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள். எந்தச் சட்டைக்குப் பட்டன் மாற்றித் தைத்தாள், மாடிப் படியில் யார் தண்ணீரைக் கொட்டினார்கள், எல்லாம் சொன்னாள். இருபத்தைந்து நிமிஷத்தில் மூச்சு தணிந்தது.

"தினம் இதே நேரத்துக்கு வர்றான்டி. ஏதோ சொல்றான். எனக்குத்தான் பிடிபடல" என்றாள் அம்மா.

மகளின் கணக்குப்படி அது தம்பியின் மூச்சு இல்லை. எங்கோ உட்கார்ந்திருக்கிற எவனோ ஒரு திருடனுடையது. அவன் வேலை வாங்க வாங்க மெஷின் சூடாகும், சூடாக ஆக ஃபேன் சுற்றும். அம்மா இத்தனை நாளும் சட்டைப் பட்டன் கதையெல்லாம் சொன்னது அவனிடம். இதை எந்த வாயால் சொல்வது?

பாதியை மட்டும் சொன்னாள். "உள்ள யாரோ புகுந்துட்டாங்கம்மா. அணைச்சு, எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரியாகும். எங்க ஆஸ்பத்திரியில அதான் சட்டம்."

அம்மா திடுக்கிடவில்லை. "அதைத்தான் நான் அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே சொன்னேன். சத்தம் மாறிடுச்சுன்னு. நாப்பது வருஷம் மெஷின்ல உட்கார்ந்தவளுக்கு நூல் எங்க சிக்குதுன்னு கேட்டாலே தெரியும். இவன் மூணு மணிக்கு மட்டுந்தான் மூச்சு விடுவான். அஞ்சு மாசமா நாள் பூரா முனகறான். யாரோ கூட இருக்காங்கடீன்னேன். நீதான் வெயில்காலம்மா, ஃபேன் சுத்தத்தான் செய்யும்னு போனை வெச்சுட்ட."

உண்மைதான். அன்றைக்கு அவள் ஏதோ அவசரத்தில் இருந்தாள்.

"ஆனா அணைக்க விட மாட்டேன்" என்றாள் அம்மா. "வீட்ல திருடன் புகுந்தா திருடனைப் பிடிப்பாங்களா, பிள்ளையைக் கொல்லுவாங்களா?"

வியாழக்கிழமை முழு நாளும் லீவு போட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்கே வந்தாள். முதல் வேலையாக, அம்மா கூடவே நின்று பார்த்துக்கொண்டிருக்க, பெட்டிக்குப் பின்னால் இருந்த நெட் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு செத்தது. ஆனால் முனகல் நிற்கவில்லை. திருடனின் வழியை அடைத்தாகிவிட்டது. அவன் விட்டுப் போனது உள்ளேயே இருந்தது, தம்பியோடு.

வெளிப்பூட்டு திறந்திருந்தாலும் அவன் பக்கத்துக்குத் தனிப் பூட்டு இருந்தது; திரையில் தம்பியின் பேரும் பாஸ்வேர்ட் கேட்கும் கட்டமும் வந்தன. "இதுக்கு மேல நான் போக முடியாதும்மா" என்று கையை எடுத்தாள்.

"ஏன், உனக்குன்னு ஒண்ணு போட்டுக் கொடுத்தானே? அதுக்குக்கூட ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களே."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய போட்டோக்களை அவள் தன் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று, வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வாசல் வைத்து, அவளுக்கென்று ஒரு அக்கவுண்டும் போட்டுக் கொடுத்திருந்தான். டமாரம் என்று பேர். எதைச் சொன்னாலும் ஊருக்கே ஒலிபரப்புகிறவள் என்பதற்காக அவன் வைத்த பட்டம். பாஸ்வேர்ட் இருபது எழுத்தில் இருக்க வேண்டும் என்றான். "எனக்கு ஞாபகம் இருக்காதுடா. டமாரம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வை" என்று அடம்பிடித்தாள். யாரிடமும் விட்டுக்கொடுக்காத பூட்டு, அக்காளுக்காக விட்டுக்கொடுத்தான். இரண்டு தடவை உள்ளே போனாள். அப்புறம் மறந்தே போனாள்.

டமாரம். ஒன்று, இரண்டு, மூன்று. தட்டியவுடனே திறந்துகொண்டது. இவ்வளவு சுலபமாகத் திறந்ததைப் பார்த்ததும், திருடன் எந்த வழியாக வந்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாவியை மிதியடிக்கு அடியில் வைத்தவள் அவள்தான்.

கட்டளைகளைத் தட்டுகிற கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திரையில் திறந்தாள். முதல் வரியிலேயே, உனக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று மெஷின் சொன்னது. அவளுக்கா? இந்தப் பெட்டிக்குள் அவளுக்கு யார் எழுதுவது? திறந்தாள். ஒன்று இரண்டு இல்லை, எழுநூற்றுச் சொச்சம். எல்லாவற்றையும் அனுப்பியது ஒரே ஆள். தம்பி. கடைசிக் கடிதம் நேற்று, மூன்று மணி இருபத்தைந்து நிமிஷத்துக்கு வந்திருந்தது.

அவள் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா முன்னறைக்குப் போயிருந்தாள். தையல் மெஷின் சத்தம் கேட்டது. அந்தத் தெம்பில், எல்லாவற்றிலும் பழைய கடிதத்தை முதலில் திறந்தாள். தேதியைப் பார்த்தாள். அவள் சாப்பிடாமல் போன நாளுக்கு மறுநாள்.

"அக்கா, உன் தொல்லை தாங்காம ஆன்ட்டிவைரஸ் போட்டுட்டேன். தினம் மூணு மணிக்கு மூலை முடுக்கெல்லாம் தேடும். தேடி முடிச்சதும் உனக்கு லெட்டர் போடும். வெளிய சொல்லிடாத டமாரம், என் மானம் போயிடும்."

இரண்டாவது கடிதம்: "அக்கா, இன்னைக்கும் ஒண்ணும் சிக்கல. நீ தோத்துட்ட." மூன்றாவதும் அதேதான். நான்காவதும். அவன் செத்த திங்கட்கிழமையும் அதேதான், அவனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்த செவ்வாய்க்கிழமையும் அதேதான். ஊர் முழுக்க லினக்ஸுக்கு மருந்தே வேண்டாம் என்று பேசிவிட்டு, அக்காளுக்காக யாருக்கும் தெரியாமல் மருந்து வாங்கி வைத்திருக்கிறான். அவளாகவே ஒருநாள் உள்ளே வருவாள், பார்ப்பாள், சிரிப்பாள் என்று காத்திருந்திருக்கிறான். பத்து மாதம் உயிரோடு காத்திருந்திருக்கிறான்.

அம்மாவின் மூணு மணி மூச்சு திருடனுடையது இல்லை. அந்தத் தேடல்தான். அவன் வைத்துவிட்டுப் போனது. அம்மா சரியான ஆளிடம்தான் பேசியிருக்கிறாள்.

கடிதங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். தோத்துட்ட, தோத்துட்ட, தோத்துட்ட. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாளில் வாசகம் மாறியது.

"அக்கா, நீ ஜெயிச்சுட்ட. உள்ள ஏதோ வந்துடுச்சு. வந்து வாய்விட்டுச் சிரி. சிரிச்சு முடிச்சதும் மெஷினை அணைச்சுடு, ஒரு நிமிஷம்கூட ஓட விடாத. அம்மாவோட தையல் அளவு நோட்டெல்லாம் இதுலதான் இருக்கு, அணைச்சா அம்மா கத்தும். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எப்படி நடந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வாசகத்தையும் அவன் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பான். ஒன்றும் கிடைக்காவிட்டால் முதலாவது போகும், கிடைத்தால் இரண்டாவது. வெறும் நாலு வரி வேலை. ஆனால் தெரிந்து என்ன பயன்? அவன் குரல்தான் காதில் விழுந்தது. மறுநாளும் அதே கடிதம். அதற்கு மறுநாளும். கூடவே கிடைத்தவற்றின் பட்டியல். முதல் நாள் ஒன்று, அவள் பேரில் இருந்த இடத்திலேயே. ஒரு வாரத்தில் மூன்று. இப்போது பதினொன்று, அவள் கைக்கு எட்டாத உள்ளறைகளில். திருடன் வீட்டையே எடுத்துக்கொண்டுவிட்டான். ஆனால் இந்தத் தேடலை மட்டும் அவன் நிறுத்தவில்லை. படிக்க ஆளில்லாத கடிதத்துக்கு எவன் பயப்படுவான்?

மருந்து வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் வருஷக்கணக்கில் மேஜையைத் தட்டியிருக்கிறார்கள். மருந்து வேலை செய்திருக்கிறது. நாள் தவறாமல் கத்தியிருக்கிறது. கேட்க வேண்டியவள் வரவில்லை.

மணி இரண்டேகால். பென் டிரைவை மாட்டி, தன் பக்கத்தில் இருந்த போட்டோக்களையும் கடிதங்களையும் எடுத்துக்கொண்டாள். தம்பியின் பக்கம் திறக்கவே இல்லை. போய் அம்மாவைக் கூட்டி வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் பாஸ்வேர்டைப் பற்றியும் சொன்னாள்.

"வயரைப் பிடுங்கியாச்சும்மா" என்றாள் கடைசியில். நேற்று அணைக்க வந்தவள் இன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "இனிமே வெளிய யாருக்கும் தொல்லை இல்ல. கம்பெனிக்காரிகிட்ட நான் பேசிக்கறேன். இது பாட்டுக்கு ஓடட்டும். மூணு மணிக்கு அவன் வரட்டும்."

"அவன் என்ன எழுதியிருக்கான்? இன்னொரு தடவை படி."

படித்தாள்.

"இதை எத்தனை தடவை சொல்லியிருக்கான்?"

"நூத்தி நாப்பத்தேழு."

அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நூத்தி நாப்பத்தேழு நாளா பிள்ளை தொண்டை கிழியக் கத்தியிருக்கான். நான் எதிர்ல உட்கார்ந்து பட்டன் கதை சொல்லிட்டிருந்திருக்கேன்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியலதான். இப்பத் தெரிஞ்சுடுச்சே." அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. "இன்னொரு தடவை அவனைக் கத்த வைக்கக் கூடாது. அணைச்சுடலாம்."

"அணைச்சா திரும்பி வராதும்மா. எல்லாம் போயிடும். உன் அளவு நோட்டு, அவன் எழுதினது, அவன் குரல், எல்லாம்."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்னான்ல? சொல்லிட்டான்." அம்மா கையைச் சுவர் ஸ்விட்சுக்குக் கொண்டுபோனாள். அங்கேயே நிறுத்தினாள். "சிரிச்சியா?"

"என்னது?"

"வந்து சிரி, சிரிச்சு முடிச்சதும் அணைன்னு எழுதியிருக்கான். சிரிச்சியா நீ?"

"அம்மா, விளையாடாத."

"பிள்ளை சொன்ன வரிசையில செய்வோம். சிரி."

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்புறம் அந்த முதல் கடிதம் நினைவுக்கு வந்தது. வெளிய சொல்லிடாத டமாரம், என் மானம் போயிடும். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆயிரம் கண்ணு பாக்குது என்று அளந்தவன், கதவைச் சாத்திக்கொண்டு திருட்டுத்தனமாக ஆன்ட்டிவைரஸ் போடுகிற கோலத்தைக் கண்முன்னால் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது எப்போது அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அம்மா முந்திக்கொண்டு ஸ்விட்சை அணைத்தாள். மெஷின் நிற்கவில்லை. யு.பி.எஸ். பெட்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அம்மா பயந்துபோய் மகளைப் பார்த்தாள். அவன் போகக் கூடாது என்று அந்தப் பெட்டியை வாங்கி வைத்தவள் மகள்தான். கடிதமும் அவள் பேருக்குத்தான் வந்திருந்தது.

தரையில் மண்டியிட்டு, யு.பி.எஸ். பெட்டியின் பட்டனில் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தாள். கீச்சொலி நின்றது, திரை இருண்டது, ஃபேன் இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மணி மூன்று ஆயிற்று, மூன்றே கால் ஆயிற்று. "தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து தையல் மெஷினுக்குப் போனாள்.